டெஃப்பிளைண்ட் (காது, கண் இரண்டும் பாதித்த) ஒருவருக்குத் துணையாக மதிப்பீட்டுக் கூட்டத்துக்குப் போகிறேன்: எதைக் கேட்டு வாங்குவது, எங்கே வாயை மூடிக்கொள்வது?

நீலக்கல் எழுதியது:

வணக்கம். 46 வயதுப் பெண்மணி ஒருவர், தனக்கு எவ்வளவு உதவி நேரம் தேவை என்று அலுவலகம் முடிவு செய்யும் மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு என்னைத் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறார். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, சைகைதான் அவர் மொழி. அஷர் சிண்ட்ரோம், டைப் 1 (பிறவியிலேயே காது கேளாமல், பார்வையும் படிப்படியாகக் குறையும் பரம்பரை நிலை). பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து இப்போது நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம். அதுவும் வெளிச்சம் ஒத்துழைத்தால். பேச்சு முழுக்கத் தொடு சைகையில், அதாவது பேசுபவரின் கைமேல் கை வைத்து. பிரெய்ல் தெரியும், ஆனால் வேகம் குறைவு.

வாரம் 12 மணி நேரம் வழித்துணை கிடைக்கிறது. அதாவது, வெளியே கூட்டிப்போய், சுற்றி நடப்பதைக் கையில் சொல்லி, ஆட்களோடு பேச உதவும் ஒருவர். அதைக் குறைக்கத்தான் இந்தக் கூட்டம் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஏற்பாடு இப்படி: கூட்டம் ஒரு மணி நேரம். வீடியோவில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். 11 பக்கப் படிவம் பெரிய எழுத்தில். "அக்கா கூட வருவாங்க இல்ல, அவங்களே சொல்லிடுவாங்க" என்று அவருடைய சொந்த அக்காவைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை வேறு.

இது போதாது என்று தெரிகிறது. ஆனால் எதை, எந்த அளவில், என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்பதில்தான் தடுமாற்றம். இன்னொன்று: அவருக்காகப் பேசப் போய் அவர் பேச்சை நானே பிடுங்கிக்கொள்ளக் கூடாது. கூட்டத்தில் என் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

---

இருகை எழுதியது:

முதலில் அந்த வீடியோவை ரத்து செய்யச் சொல்லுங்கள். தொடு சைகையில் கேட்பவரின் கை, பேசுபவரின் கைமேல் படிந்திருக்க வேண்டும். திரையைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடிதான் கைக்குத் தட்டுப்படும். சைகை தெரிந்த எவரும் போதும் என்று அலுவலகம் நினைக்கலாம், அதுவும் இல்லை. புருவம் தூக்கினால் கேள்வி, உதட்டைப் பிதுக்கினால் சந்தேகம் என்று முகத்தில் வருவதையெல்லாம் கைக்குக் கொண்டுவரப் பழகியவர் வேண்டும். கடிதத்தில் "தொடு சைகையில் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர்கள், நேரில், இருவர்" என்று எழுதுங்கள். "சைகை மொழிபெயர்ப்பாளர்" என்று மட்டும் எழுதினால் வேறு யாரையாவது அனுப்பிவிட்டு, ஏற்பாடு செய்தாயிற்று என்பார்கள்.

இருவர் எதற்கு? 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். அதைத் தாண்டினால் மொழிபெயர்ப்பில் விடுபடல் கூடும். விடுபட்டது அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஒருவர் கையில் பேசும்போது இன்னொருவர் சும்மா இருக்க மாட்டார். அந்த அம்மாவின் முதுகிலோ மேல்கையிலோ தொட்டு அறையில் நடப்பதைச் சொல்வார்: யார் உள்ளே வந்தார், யார் தலையாட்டுகிறார், யார் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தத் தொடுகைக்கு என்ன அர்த்தம் என்பதை முன்னதாகவே பேசிவைத்துக்கொள்வார்கள்.

ஒரு மணி நேரம் போதவே போதாது. வாய்ப்பேச்சில் ஒரு மணி நேரம் ஆகும் விஷயத்துக்கு இரண்டரை மணி கேளுங்கள். என் யோசனை, அதையும் ஒரே மூச்சில் வைக்காமல் 75 நிமிடமாக இரண்டு நாள். களைப்பு மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமில்லை, கேட்கிறவருக்கும்தான். முழங்கை தாங்கலில்லாமல் தொங்கினால் சீக்கிரமே தோள் கடுக்கும். தோள் கடுத்தால் கவனம் சிதறும். கவனம் சிதறினால் "சரி, ஆகட்டும்" என்று முடித்துவிடத் தோன்றும். மணி நேரத்தைக் குறைக்க நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

உட்காரும் விதம்: இரண்டு நாற்காலியும் ஒரே உயரம், கைப்பிடி இல்லாதவை. ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்கால்களுக்கு நடுவே வரும் அளவு நெருக்கம். மேசையின் மூலையில் உட்கார்ந்தால் முழங்கையை ஊன்றலாம். இல்லையென்றால் மடியில் ஒரு தலையணை. மொழிபெயர்ப்பாளர் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பார்வையையும் அவர் பயன்படுத்துகிறார் என்றால் மொழிபெயர்ப்பாளரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. உடை ஒற்றை நிறம், தோல் நிறத்திலிருந்து நன்றாக வேறுபட்டதாக.

இனி உங்கள் வேலை. தொடு சைகையில் கேட்பவர், எதிராளியின் கையை விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே இருப்பார். "வந்துகொண்டிருக்கிறது, மேலே சொல்லு" என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். போனில் நாம் "ம்... ம்..." என்பது போல. இது தெரியாத அதிகாரி அதைப் பார்த்துவிட்டு "ஒப்புக்கொண்டார்" என்று எழுதிக்கொள்வார். கூட்டம் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். முடிவு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், "இப்போது என்ன முடிவாகியிருக்கிறது என்று அவர் தன் வார்த்தையில் சொல்லட்டும்" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்ற கேள்விக்கு வரும் "ஆமாம்" எதற்கும் உதவாது.

அதிகாரி உங்களைப் பார்த்து "அவங்களுக்குக் காலையில எழுந்து ரெடியாக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பார். நிச்சயம் கேட்பார். பதில் சொல்லாதீர்கள். அவர் பக்கம் கை காட்டுங்கள். கேள்வி கையில் போய்ச் சேர்ந்து பதில் வர 20, 30 விநாடி ஆகும். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எப்போது பேசலாம் என்பதை முந்தின நாளே இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் முழங்காலை இரண்டு முறை தட்டினால் "நீ சொல்லு", மணிக்கட்டை அழுத்திப் பிடித்தால் "இடைவேளை வேண்டும்" என்று இரண்டு சமிக்ஞை போதும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அனுமதி கேட்காமல் குறுக்கே பேசலாம்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, பெயர் சொல்லாமல் பேசுவது, மொழிபெயர்ப்பு முடியுமுன் அடுத்த கேள்விக்குத் தாவுவது. அதாவது கூட்டம் நடக்கும் முறையைப் பற்றி. சாரத்தைப் பற்றி அல்ல.

---

கோப்பு எழுதியது:

இருகை சொன்னதோடு காகித வேலையைச் சேர்க்கிறேன். என் அனுபவத்தில் மணி நேரம் குறைவது கூட்டத்தில் அல்ல, கூட்டத்துக்கு முன் கோப்பில் என்ன இருக்கிறது என்பதில்.

கண் மருத்துவ அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பார்வைக் கூர்மை மட்டும் இருக்கும். அஷரில் நடுப்பார்வை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். அட்டையில் 6/9 (இயல்பான 6/6-க்குச் சற்றே குறைவு) வரை படித்துவிடுவார். ஆனால் பார்வைப் பரப்பு 10 டிகிரிதான் இருக்கும். அதிகாரி 6/9 என்ற எண்ணை மட்டும் பார்த்து "நல்லாத்தானே தெரியுது" என்பார். ஆகவே பரப்புப் பரிசோதனை முடிவு, டிகிரியில், அண்மைத் தேதியில் வேண்டும். நோய் வளர்ந்துகொண்டே போவது, எனவே பழைய அறிக்கை அவருக்கு எதிராகவே வேலை செய்யும்.

10 டிகிரி என்றால் என்ன என்று கடிதத்தில் ஒரு வரியில் காட்டுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் அவருக்குத் தெரிவது சுமார் 17 சென்டிமீட்டர் அகல வட்டம். ஒரு முகம், அவ்வளவுதான். சைகை நடப்பதோ தலையிலிருந்து இடுப்பு வரை, இரு தோளுக்கும் வெளியே வரை. 60 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் அது வட்டத்துக்குள் அடங்கப் பேசுபவர் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தள்ளிப் போனால் விரல் அசைவு பிரியாது. தொடு சைகை ஏன் வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். பெரிய எழுத்துப் படிவம் ஏன் தப்பு என்பதற்கும் இதுதான். எழுத்து பெரிதாக ஆக, வட்டத்துக்குள் இரண்டு எழுத்துதான் விழும். சுருங்கிய பரப்புக்குச் சாதாரண அளவு எழுத்தே மேல். பெரிய எழுத்து நடுப்பார்வை போனவர்களுக்கு உதவுவது.

"காது கேளாதோர் சேவையும் இருக்கு, பார்வையற்றோர் சேவையும் இருக்கு, ரெண்டும் சேர்ந்தா சரியாப் போச்சு" என்ற வாதம் வரும். பதில்: கண் தெரியாதவருக்கான ஏற்பாடுகள் காதை நம்பியவை, பேசும் மென்பொருள், பேசும் லிஃப்ட், சாலையில் வண்டிச் சத்தம். காது கேளாதவருக்கானவை கண்ணை நம்பியவை; சைகை, வசன வரி, மின்னும் விளக்கு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்ட முடியாத நிலை என்பதால்தான் நார்டிக் நாடுகளின் வரையறை இதைத் தனி வகைக் குறைபாடாகவே எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2004-ல் ஏற்ற எழுத்துப் பிரகடனத்தில் அப்படியே சொல்லி, ஒருவருக்கு ஒருவர் துணை தருவதை உரிமையாகக் குறிப்பிட்டது.

"இப்படிப்பட்டவங்க ரொம்ப அபூர்வம், தனி ஏற்பாடு கஷ்டம்" என்றால்: உலக டெஃப்பிளைண்ட் கூட்டமைப்பின் 2018 அறிக்கை மக்கள்தொகையில் 0.2 முதல் 2 சதவீதம் வரை என்கிறது. லேசான நிலைகளையும் சேர்த்தால்தான் மேல் எண் வரும், அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டப் பக்கம். உள்நாட்டுச் சட்டம் எதுவானாலும், 2006-ல் ஐநா ஏற்று 2008-ல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்த நாடு என்றால் இவை பயன்படும். பிரிவு 2: "தொடர்பு" என்பதில் பிரெய்லும் தொடு வழித் தொடர்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன, நியாயமான வசதியை மறுப்பது பாகுபாடு என்பதும் இங்கேதான். பிரிவு 12: சட்டத்தின் முன் சம திறன், முடிவெடுக்கத் துணை. பிரிவு 19: சமூகத்தில் சுதந்திர வாழ்வு, அதற்கான தனிப்பட்ட உதவி. பிரிவு 21: தான் தேர்ந்த தொடர்பு முறையில் அரசு அலுவலோடு பேசும் உரிமை. எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். இந்தக் கூட்டத்துக்கு 2, 19, 21 போதும். பிரிவு எண் அதிகமாக ஆகக் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய் ஒரு மாதம் தூங்கும்.

கடிதம் ஒரு பக்கம், அவர் பெயரில், "நான்" என்று. இந்த மாதிரி:

"நான் தொடு சைகையில் பேசுகிறேன். பேசுபவரின் கை என் கையில் இருந்தால்தான் எனக்குச் செய்தி வரும். வீடியோவில் வரும் மொழிபெயர்ப்பு எனக்குக் கிட்டாது. கீழே கேட்டிருப்பவை இல்லாமல் கூட்டம் நடந்தால் அதில் எனக்குப் பங்கு இருக்காது. அப்படி நடந்த கூட்டத்தின் முடிவை என் ஒப்புதலோடு எடுத்ததாகப் பதிய வேண்டாம். இந்த ஏற்பாடுகள் தயாராகும் வரை தேதியைத் தள்ளி வைக்கவும், அதுவரை இப்போதைய 12 மணி நேரம் தொடரவும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தேதி தள்ளிப்போகும்போது சேவையும் நின்றுபோவது சகஜம்.

அப்புறம் 14 நாள் பதிவேடு. இதுதான் உங்கள் மொத்தப் பலம். ஒவ்வொரு வேலைக்கும் துண்டு துண்டாக நிமிடம் எழுதுங்கள். "மருந்து வாங்கியது: போக 25, வரிசையில் 10, மருந்தாளுநர் சொன்னதைக் கையில் சொல்லிக் கேள்வி கேட்டுத் தெளிந்தது 12, திரும்ப 25. மொத்தம் 72." அலுவலகப் பட்டியலில் இதே வேலைக்குக் கால் மணி நேரம்தான் போட்டிருப்பார்கள், ஏனென்றால் கண்ணும் காதும் உள்ளவர் கணக்கில் போட்டது. பதிவேட்டில் இன்னொரு பத்தி கட்டாயம்: "நடக்காமல் போனவை". போக முடியாத மருத்துவச் சந்திப்பு, பிரிக்காமல் கிடக்கும் கடிதம், மூன்று நாள் யாரோடும் பேசாதது. உதவி கிடைத்த நேரத்தை மட்டும் கூட்டினால் இப்போதைய 12-தான் தேவை என்று நீங்களே நிரூபித்தது போல் ஆகும்.

ஒரு பொறி: "ஒதுக்கிய நேரத்தையே முழுசாப் பயன்படுத்தலையே" என்பார்கள். வழித்துணை வராத நாட்களை, யார் ரத்து செய்தது, மாற்று ஆள் வந்தாரா என்பதோடு தேதி போட்டு எடுத்து வையுங்கள். பயன்படாத மணிகளுக்குக் காரணம் பல நேரம் பயிற்சி பெற்ற ஆள் இல்லாததே.

---

நீலக்கல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பார்வைப் பரப்புப் பரிசோதனை நான்கு வருடத்துக்கு முந்தையது, புதிதாக எடுக்கச் சொல்கிறேன். அக்கா விஷயம் என்ன செய்வது? அவர் நல்லவர், வீட்டுச் சைகை நன்றாகத் தெரியும், வர ஆசைப்படுகிறார்.

---

வெயில்மரம் எழுதியது:

அக்கா வந்தால் என்ன? அந்த அம்மாவின் கையை அவரைவிட வேகமாகப் படிக்க யாரும் இல்லை. வெளியாள் இருவர் வந்து பாதி சைகை புரியாமல் நிற்பதைவிட மேல்.

---

இருகை எழுதியது:

வெயில்மரம் சொல்வதில் பாதி சரி. அக்காவை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, மொழிபெயர்க்க வேண்டாம் என்றுதான். குடும்பத்தார் மொழிபெயர்க்கும்போது நடப்பது இது: கேள்வி முழுசாகக் கைக்குப் போகாது, பதில் தெரியும் என்பதால் அவரே சொல்லிவிடுவார். தங்கைக்கு வருத்தம் தரும் வார்த்தையை மென்மையாக்குவார். இங்கே அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. அக்கா சம்பளமில்லாமல் செய்யும் வேலைதான் கூட்டத்தின் மறைமுகப் பொருள். "அக்கா பார்த்துக்கறாங்களே" என்று சொல்லித்தான் மணியைக் குறைப்பார்கள். தங்கை "அக்காவுக்குச் சுமையாக இருக்க விரும்பவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதை அக்காவின் கையிலேயே எப்படிச் சொல்வார்?

செய்ய வேண்டியது: கூட்டத்துக்கு முந்தைய வாரம் மொழிபெயர்ப்பாளர் இருவரும் அந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வீட்டுச் சைகை, ஆட்களின் சைகைப் பெயர், இடது கைப் பழக்கமா வலது கைப் பழக்கமா, எவ்வளவு வேகம் எல்லாம் அப்போது தெரிந்துவிடும். அந்த நேரத்தையும் அலுவலகமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கடிதத்தில் சேருங்கள். அக்கா அன்றைக்கு வந்து சொல்லித்தரட்டும். கூட்டத்தில் அவர் பேச வேண்டியது தான் செய்யும் வேலை பற்றி, சாட்சியாக, தங்கைக்கு மொழிபெயர்க்கப்பட்டபடி.

---

ஆறுபுள்ளி எழுதியது:

நான் டெஃப்பிளைண்ட். இந்தத் திரியை 40 செல் பிரெய்ல் டிஸ்ப்ளேயில் (திரை எழுத்தை ஒரு நேரத்தில் 40 பிரெய்ல் எழுத்தாக விரலுக்குக் கீழே எழுப்பும் கருவி) படிக்கிறேன். கோடு கோடாகப் போட்டு அலங்காரம் செய்யாதீர்கள், விரல் அதையும் படிக்க வேண்டியிருக்கிறது.

படிவம் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை. 11 அச்சுப் பக்கம் பிரெய்லில் சுமார் 30 பக்கம் வரும். மெதுவாகப் படிப்பவர் என்கிறீர்கள். கூட்டத்துக்கு 10 நாள் முன்னால் கையில் இருக்க வேண்டும். டிஸ்ப்ளே வைத்திருந்தால் வேர்டு கோப்பு அல்லது வெறும் உரைக் கோப்பு கேளுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அனுப்புவார்கள். அது படம். டிஸ்ப்ளேயில் ஒன்றும் வராது, காலியாக இருக்கும். அட்டவணையைக் கலைத்து வரிவரியாக எழுதச் சொல்லுங்கள்: "குளியல். உதவி தேவை: ஆம். நிமிடம்: 20." அட்டவணையாகவே வந்தால் எண் எந்தத் தலைப்புக்குக் கீழே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது.

இன்னொன்று. சைகையைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. அலுவலக நடை மூன்றாவது மொழி. பிரெய்லில் கொடுத்துவிட்டோம் என்பதால் புரிந்துவிட்டது என்றில்லை. இருகை சொன்ன முன்சந்திப்பில் படிவத்தைத் தொடு சைகையில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அறைக்குள் பழக வேண்டியவை, நீங்களும் அதிகாரியும்: கையின் மேற்புறத்தையோ தோளையோ மெதுவாகத் தொட்டு அப்படியே நில்லுங்கள், நாங்கள் திரும்பும் வரை. நீங்கள் யார் என்று உடனே சொல்லுங்கள். "நான் யாருன்னு கண்டுபிடி" விளையாட்டு வேண்டாம். எங்கள் கையைப் பிடித்து இழுத்து எதன்மேலும் வைக்காதீர்கள். உங்கள் கையை எங்கள் கைக்குக் கீழே கொடுங்கள், நாங்கள் தொடர்ந்து வருகிறோம். போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், மேசையையோ சுவரையோ எங்கள் கை தொட்டிருக்கும்படி விட்டுவிட்டு. வெட்டவெளியில் நிறுத்திவிட்டுப் போனால் நாங்கள் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்போம்.

தீ எச்சரிக்கை அடித்தால் என்ன என்று அதிகாரியைக் கேளுங்கள். பல நாடுகளில் முதுகில் பெரிய பெருக்கல் குறி போட்டால் "அவசரம், கேள்வி கேட்காமல் என்னோடு வா" என்று அர்த்தம். அவருக்கு அது தெரியுமா என்று முன்பே பாருங்கள்.

உங்கள் தலைப்பில் "வாயை மூடிக்கொள்வது" பிடித்திருந்தது.

---

சாந்தா எழுதியது:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். 78 வயதில் காதும் கண்ணும் சேர்ந்து மங்கியவருக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? சைகையும் தெரியாது, பிரெய்லும் தெரியாது.

---

கோப்பு எழுதியது:

எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இவர்கள்தான், மதிப்பீட்டில் தவறவிடப்படுவதும் இவர்கள்தான். "வயசாச்சு, அப்படித்தான்" என்று கோப்பே திறக்க மாட்டார்கள். காது பரிசோதனையை அமைதியான அறையில் மட்டும் எடுத்தால் முடிவு ஏமாற்றும். இரைச்சலில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். கண் நன்றாக இருப்பவர் இரைச்சலில் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார், இவரால் முடியாது. கூட்டத்துக்குச் சின்ன அறை, தரையில் விரிப்பு, விசிறி நிறுத்தம், பேசுபவர் கழுத்தில் மாட்டும் மைக் நேராகக் காது கருவிக்கு. அதோடு நினைவுப் பரிசோதனை பற்றி எச்சரிக்கை: கேள்வியே காதில் விழாமல், படமே கண்ணுக்குத் தெரியாமல் தப்பாகப் பதில் சொன்னவருக்கு "மறதி நோய்" என்று எழுதிவிடுவதுண்டு. காதும் கண்ணும் எந்த நிலையில் இருந்தபோது, எந்தக் கருவியோடு அந்தப் பரிசோதனை எடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

---

ஆறுபுள்ளி எழுதியது:

உள்ளங்கை எழுத்து. படிக்கத் தெரிந்த யாருக்கும் பத்து நிமிடத்தில் பிடிபடும். ஆள்காட்டி விரலால், உள்ளங்கை முழுக்க ஒரே எழுத்து, அடுத்த எழுத்து அதே இடத்தில் அதன் மேலேயே. பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போகாதீர்கள், மணிக்கட்டில் போய் முட்டும். அவர் எழுதினால் எந்தப் பக்கமிருந்து தொடங்குவாரோ அதே திசை. சொல் முடிந்தால் ஒரு நொடி நிறுத்தம். தப்பினால் உள்ளங்கையைத் துடைப்பது போல் ஒரு வீச்சு. தமிழில் தொல்லை கொம்புகள்: "கொ" எழுத மூன்று துண்டு, அதில் முதலாவது எழுத்துக்கு முன்னால் வருவது. எழுத்தை உடைத்து நிறுத்தினால் குழம்பும், ஒரே மூச்சில் எழுதுங்கள். எ-வுக்கும் ஏ-வுக்கும் உள்ள கோட்டை அழுத்தி இழுங்கள். நீளமான வாக்கியம் வேண்டாம். "நாளை. டாக்டர். 10 மணி. வரலாமா?" போதும்.

---

நீலக்கல் எழுதியது:

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்து, எதிர்பாராமல் குறைத்துவிட்டால்? மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்று பழைய கடிதம் ஒன்றில் பார்த்தேன்.

---

கோப்பு எழுதியது:

அந்த 30 நாள் எந்த நாளிலிருந்து என்பதுதான் சண்டை. அச்சுக் கடிதம் தபாலில் வந்த நாளிலிருந்து என்பார்கள். அவர் படிக்கக்கூடிய வடிவில் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று கூட்டத்திலேயே சொல்லிக் குறிப்பில் ஏற்றுங்கள். ஆனால் அதை ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அச்சுக் கடிதம் வந்த நாளையே முதல் நாளாக வைத்து, காலக்கெடுவுக்குள் இரண்டே வரியில் மேல்முறையீடு போட்டுவிடுங்கள்: முடிவை ஏற்கவில்லை, விரிவான காரணம் பிரெய்ல் நகல் கிடைத்தபின் வரும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ ரசீதோ வாங்குங்கள்.

கூட்டக் குறிப்பை ஒரு வாரத்துக்குள் கேட்டு வாங்கி, அவரோடு தொடு சைகையில் ஓட்டி, திருத்தம் இருந்தால் அவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். கையெழுத்துக்கு ஒரு உபாயம்: தடித்த அட்டையில் நீளவாக்கில் ஒரு சன்னல் வெட்டி, கையெழுத்திட வேண்டிய கோட்டின் மேல் வையுங்கள். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து உள்ளே போடுவார். பேனாவைப் பிடித்த கையை யாரும் பிடித்து நகர்த்தத் தேவையில்லை. எதற்குக் கையெழுத்து என்பது அதற்கு முன் கையில் சொல்லப்பட்டிருக்க வேண்டும், அதைச் சொன்ன மொழிபெயர்ப்பாளர் பெயரும் தேதியும் கீழே இருக்க வேண்டும்.